நல்ல கண்ணைக் கட்டச் சொன்னவள்

தேனியில் சுகிர்தம் போகிற சர்ச்சில், அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் எண்களைப் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகையில் மாட்டியிருப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் சுகிர்தம் உள்ளங்கையைக் குழித்து வலது கண்ணை மூடிக்கொள்வாள். இடது கண்ணால் மட்டும் அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு கையை எடுத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள். வருசக்கணக்காக இப்படித்தான். பின்வரிசைப் பெண்கள் அதை ஒருவிதமான ஜெபம் என்று நினைத்தார்கள். ஒரு அம்மா தலைவலியாக்கும் என்று தைல டப்பாவை நீட்டினார்.

கல்யாணமான புதிதில் கணவர் சண்முகராஜ் கேட்டார். "என்ன தெரியுது?"

"நம்பர் இருக்கிற எடம் தெரியுது. நம்பர் தெரியல."

"போன வாரம்?"

"போன வாரமும் அதான்."

"பெறகு எதுக்கு வாராவாரம் பாக்குற?"

அவள் நர்ஸ். அந்தக் கண்ணுக்குப் பார்வை இனித் திரும்பாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் பார்க்கிறோம் என்று அவளும் தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

அவளுடைய அப்பா பொன்னுராஜ் தேனி பஜாரில் கயிறும் வாளியும் கிணற்று உருளியும் விற்கிற கடை வைத்திருந்தார். சுகிர்தத்துக்குச் சின்ன வயதில் இடது கண் மூக்குப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். மாறுகண் பிள்ளை ராசியான பிள்ளை என்று பஜாரே சொன்னது. சந்தை நாட்களில் கடையைத் திறந்ததும் பொன்னுராஜ் அவளைத் தூக்கிக் கல்லாப்பெட்டி மேல் உட்கார வைப்பார். முதல் போணி அவள் கையால்தான். ஆண்டிபட்டியிலிருந்து வரும், கிணறு வைத்து வெள்ளாமை செய்யும் சம்சாரிகள்கூட, "அந்தப் பாப்பா கையில குடுக்கச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். ஒருமுறை ஐயர், அதாவது சர்ச்சுப் போதகர், இதெல்லாம் நமக்குத் தகுமா என்று கேட்டதற்குப் பொன்னுராஜ், "பிள்ளை கையில கயித்தைக் குடுத்து விக்கக் கூடாதுன்னு வேதத்துல எங்கன போட்டிருக்கு ஐயரே?" என்று திருப்பிக் கேட்டார்.

பத்து வயதுக்கு மேல் அந்தச் சரிவு தானாகவே குறைந்துவிட்டது. களைத்துப்போனால் மட்டும் கொஞ்சம் தெரியும். எல்லாரும் அதை மறந்தார்கள். சுகிர்தமும் மறந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் சேர்ந்தாள். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கப்போன முதல் ஆள் அவள்தான். சேரும்போது உடம்பைச் சோதித்தவர்கள், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

இரண்டாம் வருடம், எழுபத்து மூன்றில், கண் பாடம் வந்தது. நடத்தியவர் ஜெபராணி சிஸ்டர். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் கண்களை வாங்கி எனாமல் தட்டில் வைத்து மேசைக்கு ஒன்றாகக் கொடுத்தார். முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவைக் கீறியதும் தண்ணீர் தெறித்தது. உள்ளேயிருந்து லென்ஸ் கோலிக்குண்டு போல வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அடியில் படம் விழும் திரையான ரெட்டினா, ஈரமான வெங்காயத்தோல் மாதிரி, இடுக்கியால் இழுத்தால் எல்லாப் பக்கமும் உரிந்தது. நரம்பு புறப்படும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"கண் படத்தைப் பிடித்து அனுப்பும், அவ்வளவுதான். பார்ப்பது மூளை," என்றார் சிஸ்டர். "மாறுகண் குழந்தைக்கு இரண்டு கண்ணும் இரண்டு வேறு படம் அனுப்பும். மூளைக்குக் குழப்பம். அதனால் ஒன்றை வாங்காமல் விட்டுவிடும். வருசக்கணக்கில் வாங்காமலே விட்டால், அந்தக் கண்ணிடமிருந்து வாங்கவே அதற்குத் தெரியாமல் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணில் ஒரு பழுதும் இருக்காது. பூ விழுந்திருக்காது, சிவந்திருக்காது, டார்ச் அடித்தால் பாவை சுருங்கும். சின்ன வயதிலேயே நல்ல கண்ணைக் கட்டிவைத்து, ஒதுக்கின கண்ணை வேலை வாங்கினால் மீட்கலாம். ஏழெட்டு வயதுக்குள். அதற்கு மேல் கஷ்டம்."

சுகிர்தம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிற கை கொஞ்சம் தாமதித்தது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் விடுதி வராந்தாவில் அறைத்தோழி பவுனுவும் அவளும் ஒருவரை ஒருவர் சோதித்துப் பழகினார்கள். பவுனு கம்பத்துப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், வாய் ஓயாது. உள்ளங்கையால் சுகிர்தத்தின் வலது கண்ணை மூடிவிட்டு, "ம், படி" என்றாள். ஆறு மீட்டர் தூரத்தில் இருந்த பலகையில் மேல் எழுத்து ஒன்றுதான் கறுப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் மழையில் நனைந்த மை போலக் கலங்கிக் கிடந்தது.

"ஏன்டி, வாயில கொழுக்கட்டையா?"

"சும்மா வெளையாடுறேன்டி," என்று சுகிர்தம் சிரித்தாள். கண்ணை மூடுவதற்கு முன்னால் பார்த்து மனசில் நின்றதை வரிசையாக ஒப்பித்தாள். பவுனு நம்பிவிட்டாள்.

அந்த நிமிடத்திலிருந்து சுகிர்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. முந்தின வருடம் ஒரு பெண்ணின் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்டது என்று டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று விடுதியில் பேச்சு இருந்தது. கண் தெரியாத நர்சை வைத்துக்கொள்வார்களா? மருந்து அளவை மாற்றிப் படித்துவிடுவாள் என்று சொல்லமாட்டார்களா? தேனிக்குத் திரும்பிப் போனால் பஜார் என்ன சொல்லும்? ராசிக்காரப் பிள்ளைக்குக் கண் ஒன்றுதான் என்று தெரிந்தால் அப்பா முகம் எப்படி இருக்கும்? பலகையின் எழுத்துகளைக் கடைசி வரியிலிருந்தும் முதல் வரியிலிருந்தும் மனப்பாடம் செய்தாள். அதற்குள் சிஸ்டர் இன்னொன்றைச் சொன்னார். வருகிற சனிக்கிழமை மாணவிகள் ஒவ்வொருவருடைய பார்வையையும் தானே சோதிப்பாராம். எழுத்துப் பலகையால் அல்ல, கிராமத்து ஆட்களுக்கு வைக்கும் அட்டையால்.

அந்த அட்டையில் மூன்று கால் நீட்டிய ஒரே ஒரு குறிதான். மேலே, கீழே, இடம், வலம் என்று எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். மனப்பாடம் அங்கே எடுபடாது.

சனிக்கிழமைக்கு முன்னால் சுருளிப்பட்டியில் கண் முகாம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் மேசைகளைப் போட்டு, ஆறு மீட்டரை அளந்து இரண்டு குச்சி நட்டு, தரையோடு கயிறு கட்டினார்கள். பார்வை சோதிக்கும் மேசை சுகிர்தத்துக்கு. அடுத்த மேசையில் ஜெபராணி சிஸ்டர். அறைக்குள் டாக்டர். ஊர் ஆட்களுக்கு அட்டைக் குறியைப் பார்த்ததும் சீப்பு ஞாபகம் வந்துவிட்டது. "சீப்புப் பல்லு எந்தப் பக்கம் இருக்கு, கையைக் காட்டுங்க" என்று கேட்டால் சட்டென்று புரிந்தது. வரிசையில் நின்ற ஒரு கிழவர், "வழுக்கைத் தலையன்கிட்டச் சீப்பைக் காட்டுறா பாரு" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். சுகிர்தத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவர் கண்ணையும் மூடும்போது சனிக்கிழமை நினைவுக்கு வந்தது.

பதினோரு மணி வாக்கில் அய்யம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூடவே புருசன் கோட்டைச்சாமி. பிள்ளையின் பெயர் பூமாரி, ஐந்து வயது. காட்ட வந்தது அய்யம்மாளின் கண் எரிச்சலைத்தான். ஆனால் சுகிர்தத்தின் பார்வை பிள்ளை மேல் போய் நின்றுவிட்டது. பூமாரியின் இடது கண் மூக்குப் பக்கம் சரிந்திருந்தது.

"பிள்ளையையும் ஒருக்காப் பாத்துருவோம்," என்றாள்.

பிள்ளையின் இடது கண்ணைப் பொத்தினாள். பூமாரி பேசாமல் நின்று சீப்புப் பல்லை ஒழுங்காகக் காட்டினாள். பிறகு வலது கண்ணைப் பொத்தினாள். பிள்ளை உடனே தலையைத் திருப்பிக்கொண்டது, கையைத் தட்டிவிட்டது, மறுபடி பொத்தியதும் வீறிட்டு அழுதது. சிஸ்டர் பாடத்தில் சொன்னது இதுதான். நல்ல கண்ணை மூடினால்தான் குழந்தை முரண்டு பிடிக்கும்.

டாக்டரும் பார்த்தார். இடது கண்ணில் நோய் ஒன்றும் இல்லை, மூளை அதை ஒதுக்க ஆரம்பித்துவிட்டது, கண்ணாடி போட்டு, வலது கண்ணைத் தினமும் சில மணி நேரம் கட்டிவைக்க வேண்டும், மாதம் ஒருமுறை கம்பத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்த வயதில் தொடங்கினால் பலன் கிடைக்கலாம் என்றார். வெளியே புரை விழுந்தவர்கள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கோட்டைச்சாமி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி சுகிர்தத்தின் மேசைக்கே வந்தார்.

"தாயி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. கோணக் கண்ணு இது. அவுக கட்டச் சொல்றது நல்ல கண்ணை. வண்டியில ஒரு மாடு நோஞ்சானா இருந்தா நல்ல மாட்டையா அவுத்து விடுவாக?"

"நல்ல மாடே இழுத்துக்கிட்டுப் போனா, நோஞ்சான் மாடு கூடச் சும்மா நடந்துதாண்ணே வரும். இழுக்கப் பழகவே பழகாது."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. இவ பெறந்த வருசந்தான் எங்க கெணத்துல தண்ணி கண்டுச்சு. நாத்துப் பாவுறப்ப மொத வெதை இவ கையாலதான் போடுறோம். மாறுகண்ணு வீட்டுக்கு ராசி. இருக்கிற ராசியையும் கெடுத்து, தெரியிற கண்ணையும் கட்டி, பிள்ளை தடுக்கி விழுந்தா ஊரு என்னையத்தான காறித் துப்பும்?"

அய்யம்மாள் இடையில் புகுந்தாள். "இரும்யா. ஏத்தா, நீயே சொல்லு. கட்டாமப் போட்டா இந்தக் கண்ணு என்ன ஆகும்? அப்படி விட்டுப்போட்ட ஆளு யாரையாச்சும் நீ பாத்திருக்கியா?"

சுகிர்தம் பக்கத்து மேசையைப் பார்த்தாள். ஜெபராணி சிஸ்டர் ஒரு தாத்தாவின் இமையை விரித்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை. இங்கே பேசுவது அங்கே கேட்கும். 'பாடத்தில் படித்திருக்கிறேன்' என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. சொன்னால் இவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். போனால் போகட்டும், தன்னுடைய வேலை சோதிப்பது மட்டும்தானே? பிள்ளை அப்பாவின் தோளிலிருந்து அவளையே பார்த்தது. ஒரு கண் அவளைப் பார்த்தது. ஒரு கண் எங்கேயோ பார்த்தது.

"பாத்திருக்கேன்," என்றாள் சுகிர்தம்.

"எங்கன?"

அவள் எழுந்து அட்டையைக் கோட்டைச்சாமி கையில் கொடுத்தாள். "அண்ணே, அங்கன அந்தக் குச்சிக்கிட்டப் போயி நில்லுங்க. உங்க இஷ்டத்துக்குத் திருப்பிப் பிடிங்க. அக்கா, நீங்க என் வலது கண்ணைப் பொத்துங்க. விரல் சந்து வேணாம், உள்ளங்கையை வச்சு."

அய்யம்மாளின் கை தயங்கித் தயங்கி வந்து மூடியது. கையில் சாம்பார் வெங்காய வாசனை. எதிரே ஒரு வெள்ளை அசைந்தது.

"பல்லு எந்தப் பக்கம் தாயி?"

"மேல."

வரிசையில் சிரிப்பு. "நர்சம்மா, அது கீழ!"

"வலது பக்கம்."

"அதுவும் இல்ல. ஏலே, நமக்குக் கண்ணு பாக்க வந்த புள்ளைக்கே கண்ணைக் காணாம்டா!"

கோட்டைச்சாமியும் சிரித்துக்கொண்டுதான் ஒவ்வொரு எட்டாகக் கிட்டே வந்தார். பாதித் தூரம் தாண்டியும் சுகிர்தம் தப்பாகவே சொன்னாள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மேசைக்கு நாலெட்டு இருக்கும்போதுதான் அவளால் சரியாகச் சொல்ல முடிந்தது.

"வேணும்னே தப்பாச் சொல்லலையே?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"இல்லண்ணே. வலது கண்ணு முழுசாத் தெரியும். இது சின்னதுல எனக்கும் இப்படித்தான் சாஞ்சிருந்துச்சு. எங்க அப்பா கடையில போணிக்கு என்னையத்தான் உக்கார வைப்பாக."

"யாவாரம் நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. பிள்ளையை அய்யம்மாளிடம் கொடுத்தார். "கட்டுனா இவளுக்குச் சரியாகுமா? அதை மட்டும் சொல்லு."

"சரியாகும்," என்றாள் சுகிர்தம்.

"அப்பச் சரி. கட்டுறோம். ஆனா ஒண்ணு. சித்திரைக்கு நீ இங்கன வரணும். நீயே உன் கையால இவ கண்ணைச் சோதிச்சுத் தேறிருச்சா இல்லையான்னு எங்கிட்டச் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் நான் ஒத்துக்கிறமாட்டேன்."

"வர்றேண்ணே."

பக்கத்து மேசையில் சிஸ்டர் சொட்டு மருந்துப் புட்டியை மூடி வைத்திருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது ஆஸ்பத்திரி வேன் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வந்தது. சிஸ்டர் முன் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பவுனு சுகிர்தத்தின் காதருகே குனிந்தாள். "கிறுக்கி. வராந்தாவுல எங்கிட்ட வெளையாடுறேன்னு சொன்னியே, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன்ல? இப்ப ஊரு கூட்டி நாடகம் போட்டுட்ட." தேனியில் வேன் பஜார் வழியாகத்தான் வந்தது. அப்பா கடை வாசலில் வாளிகள் அடுக்கியிருந்தன. சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள். சீக்கிரமே பெட்டியோடு இங்கே வந்து இறங்கப்போகிறோம் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை அவள் முறை கடைசியாக வந்தது. சிஸ்டர் இடது கண்ணை இரண்டு முறை, வலது கண்ணை இரண்டு முறை சோதித்தார். பிறகு அவளை வெளியே நிறுத்திவிட்டு முதல்வர் அறைக்குள் போனார். கதவு மூடியிருந்தது. உள்ளே பேச்சு மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. சுகிர்தம் சுவரில் சாயாமல் நின்றாள்.

சிஸ்டர் வெளியே வந்தார். "படிப்பைத் தொடரலாம். ஒரு கண் முழுசாக இருக்கிறது, விதிமுறைப்படி அது போதும். ஆபரேஷன் தியேட்டர் வேலை மட்டும் கிடையாது."

சுகிர்தத்துக்கு அழுகை வந்தது. அதற்குள் சிஸ்டர் தொடர்ந்தார்.

"உன் கண்ணைக் காட்டினாயே, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் டாக்டர் சொன்னது 'பலன் கிடைக்கலாம்' என்று. நீ சொன்னது 'சரியாகும்' என்று. அவர்கள் உன் வார்த்தையை நம்பித்தான் கட்டப்போகிறார்கள். அந்த வார்த்தைக்கு நீதான் பொறுப்பு."

அழுகை நின்றுவிட்டது. அதுவரை தன் இடம் போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அது போன இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. சரியாகாவிட்டால்?

சித்திரை வந்தது. விடுமுறையும் வந்தது. சுகிர்தம் தேனி வரைக்கும் வந்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று காரணம் சொன்னாள். உண்மையில் ஒவ்வொரு நாளும் மனசுக்குள் சுருளிப்பட்டிக்குப் போய்ப் பார்த்தாள். கட்டை அவிழ்க்கிறாள், அட்டையைத் திருப்புகிறாள், பிள்ளை தப்பாகக் கை காட்டுகிறது, கோட்டைச்சாமி அவளைப் பார்க்கிறார். அந்த இடத்தோடு நினைப்பு அறுந்துவிடும். அதற்கு மேல் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ஆடி மாதம் ஊருக்குப் போய்த் திரும்பிய பவுனு ஒரு சேதி கொண்டுவந்தாள். கம்பம் சந்தையில் கோட்டைச்சாமியைப் பார்த்தாளாம். "சித்திரைக்கு வர்றேன்னு சொன்ன நர்சம்மா எங்கனன்னு கேட்டாரு."

"பிள்ளைக்கு எப்படி இருக்காம்?"

"கேட்டேன். அந்தப் புள்ள வந்து பாத்துச் சொல்லட்டும்னு சொல்லிட்டாரு."

"முகம் எப்படி இருந்துச்சு? கோவமாவா?"

"சந்தையில மாடு புடிக்க வந்த மனுசன் முகம் எப்படி இருக்கும்? வெயில்ல காஞ்சுபோயி இருந்துச்சு."

"நல்ல சேதின்னாச் சொல்லியிருப்பாகல்ல?"

"கெட்ட சேதின்னாலும் சொல்லியிருப்பாகடி. அந்த மனுசன் வாய் சும்மா இருக்காது. போயிட்டு வாயேன். பஸ்ஸு இல்லாத ஊரா?"

போகவில்லை. படிப்பு முடிந்தது. கல்யாணம் ஆனது. தேனியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மாறுகண் குழந்தையோடு யார் வந்தாலும் சுகிர்தம் விடமாட்டாள். நல்ல கண்ணைக் கட்டச் சொல்லி மணிக்கணக்கில் மன்றாடுவாள், தன் கண்ணைப் பொத்திக் காட்டுவாள். கேட்டவர்களும் உண்டு, எழுந்து போனவர்களும் உண்டு. சரியாகுமா என்று கேட்டால், "ஆகலாம், கட்டாம இருந்தா ஆகாது" என்பாள். வேறு வார்த்தை சொல்லமாட்டாள். சிலருக்குப் பார்வை திரும்பியது. இரண்டு மூன்று பேருக்குத் திரும்பவில்லை. திரும்பாத ஒவ்வொரு முறையும், அதில் பூமாரியும் ஒருத்தியோ என்று நினைத்தாள். கம்பம் பக்கத்திலிருந்து நோயாளிகள் வருவார்கள். எந்த ஊர் என்று கேட்பாள். சுருளிப்பட்டி என்று சொன்னால் அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டாள்.

இந்த எண்பத்தேழில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சண்முகராஜ் சொன்னார். "நாளைக்கு லீவுதான். ரெண்டு பேரும் சுருளிப்பட்டிக்குப் போயிட்டு வருவோம். மத்தியானம் திரும்பிரலாம்."

"போகணும்," என்றாள் சுகிர்தம்.

"அந்தப் பிள்ளைக்கு இப்பக் கல்யாணமே ஆகியிருக்கும். கண்ணு தேறுச்சோ தேறலையோ, அது பாட்டுக்கு ஒரு கண்ணால பாத்துப் பொழைச்சுக்கிட்டு இருக்கும், உன்னைய மாதிரி. இதுல நீ என்னத்துக்குப் பயப்படணும்?"

"நான் சொல்லித்தான அவுக கட்டுனாக?"

"கட்டுனாகளோ இல்லையோ, அதுவே உனக்குத் தெரியாதே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதினாலு வருசமாக அப்படி ஒன்று இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் வார்த்தையை நம்பி அவர்கள் கட்டியிருப்பார்கள் என்றே இருந்துவிட்டாள். ஒருவேளை அவள் வந்து பார்ப்பாள் என்று சித்திரை வரைக்கும் கட்டியிருப்பார்கள். வரவில்லை என்றதும் அவிழ்த்திருப்பார்களோ? இன்னும் கொஞ்ச நாள் கட்டியிருந்தால் தேறியிருக்குமோ? அது எந்த டாக்டரும் சொல்லக்கூடியது இல்லை.

மறுநாள் காலையில் குளித்து, புடவை கட்டி, அட்டையையும் டார்ச்சையும் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு வேலை இருக்கிறது என்று சொல்லி லீவு நாளிலும் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள்.

சுருளிப்பட்டியில் கோட்டைச்சாமியின் மகளுக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்து, தேறியதா இல்லையா என்று அவள் வாயால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.